குதிரைக் காலில் மஞ்சள் முட்டை: கடலூர், புதுச்சேரிப் பக்கம் மேய்ச்சலுக்கு விடுபவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் திருவந்திபுரம் பக்கம் இருக்கிறேன். இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்று நாட்டு மட்டக்குதிரை. இன்னொன்று அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவார் கலப்புப் பெண் குதிரை. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போவார்கள், மற்ற நாளில் கெடிலம் ஓரம் நீளக் கயிற்றில் மேய்வார்கள். மழை விட்டுத் தை பிறந்ததிலிருந்து கரையில் புல் நன்றாக இருக்கிறது, தீவனச் செலவும் குறைந்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். முன்னங்கால் முட்டிக்கு உள்பக்கமும் தோள்பட்டையிலும் மயிரில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறது. புல் விதையாக இருக்கும் என்று பிரஷ் போட்டேன், வரவில்லை. ஒரு மயிரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், நுனிக்குப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு முட்டை. மயிரோடு இறுகிப் பிடித்திருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவியும் அசையவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் தேனீ மாதிரி ஒரு ஈ காலைச் சுற்றியே பறக்கிறது. கடிப்பதாகத் தெரியவில்லை. வால் பக்கத்தை முன்னால் வளைத்துக்கொண்டு வந்து காலில் தொட்டுத் தொட்டுப் போகிறது. கத்தியவார் அதன் சத்தம் கேட்டாலே மிரண்டு கயிற்றை அறுக்கப் பார்க்கிறாள். ஊர்வலத்தில் இப்படி மிரண்டால் மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை கதி என்ன?

இது பேன் ஈரா, வேறு எதாவதா? பக்கத்துத் தெருக்காரர் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். மருந்துக்கடையில் மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கித் தெளிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் செய்யாமல் இங்கே கேட்கிறேன்.

சில்வர்பீச் சவாரி:

தம்பி, தேவனாம்பட்டினத்தில் சவாரிக்கு நிற்கிற எந்தக் குதிரையின் காலைப் பார்த்தாலும் இந்த மஞ்சள் பொட்டு இருக்கும். எங்கப்பா காலத்திலிருந்து இருக்கிறது. யாரும் இதற்காக ஒன்றும் செய்ததில்லை. குதிரை நன்றாகத் தின்கிறது, நடக்கிறது. இதைப் பெரிசாக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

வில்லியனூர் வண்டி:

கெடிலக்கரை தம்பிக்கு அவசரமாக ஒன்று. கடையில் சொன்ன மாட்டு மருந்து பாட்டிலில் அமிட்ராஸ் என்று போட்டிருந்தால் குதிரை பக்கமே கொண்டுபோகாதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் அடிப்பார்கள், அவற்றுக்குச் சரி. குதிரைக்கு அடித்தால் குடல் நகர்வு நின்றுபோகும். எங்கள் பக்கத்தில் ஒரு ரேக்ளா குதிரைக்கு உண்ணி என்று இதை அடித்துவிட்டார்கள். மறுநாள் லத்தியே போடவில்லை. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்தது, எழுந்தது, புரண்டது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நரம்பில் மருந்து ஏற்றித்தான் காப்பாற்றினார்.

மண்ணெண்ணெயும் வேண்டாம். தோல் வெந்துவிடும். அந்த இடத்தை நக்கினால் வாயும் வெந்துபோகும்.

முட்டை பற்றி டாக்டர் யாராவது வந்து விவரமாகச் சொல்லட்டும். எடுப்பது எப்படி என்று நான் அப்புறம் எழுதுகிறேன்.

கால்நடை பாண்டி:

புதுச்சேரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நண்பர் அமிட்ராஸ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி.

நீங்கள் பார்த்தது பாட் ஈயின் முட்டை. காஸ்ட்ரோஃபிலஸ் என்ற இனம். பேன் ஈர் வேறு. அது பிடரியிலும் வால் அடியிலும் தோலை ஒட்டி, வெள்ளையாக இருக்கும். குதிரை விடாமல் உரசும், மயிர் கொட்டும். பாட் ஈ முட்டை மயிரின் நுனிப் பக்கம், பெரும்பாலும் முன்னங்காலிலும் தோளிலும் விலாவிலும் இருக்கும். முட்டை இருக்கும் இடத்தில் தோலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த ஈ கடிக்காது. அதற்குச் சாப்பிடும் வாயே கிடையாது. வளர்ந்த ஈயாக வாழ்வது சில நாள், கூடிப்போனால் இரண்டு வாரம். அதற்குள் ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும்.

இனிமேல் நடப்பதுதான் முக்கியம். முட்டைக்குள் புழு தயாராக ஒரு வாரம் பிடிக்கும். தயாரானதும் தானாக வெளியே வராது, காத்திருக்கும். பல வாரம்கூடக் காத்திருக்கும். குதிரை காலை நக்கும்போது வாயின் சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்து பட்டால் மூடி திறந்து புழு நாக்கில் ஏறிவிடும். நாக்குத் தசைக்குள்ளும் பல் ஈறுகளிலும் புகுந்து மூன்று நான்கு வாரம் இருக்கும். அப்புறம் இரைப்பைக்கு இறங்கி, உள்சுவரில் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு எட்டு முதல் பத்து மாதம் வரை வளரும். முற்றிய புழு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். பிடியை விட்டு லத்தியோடு வெளியே வந்து, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் ஈயாகப் பறக்கும். மறுபடியும் உங்கள் குதிரையின் காலுக்கே வரும்.

ஆகவே காலில் தெரியும் முட்டை இந்த வருஷக் கணக்கு. போன வருஷக் கணக்கு ஏற்கனவே வயிற்றுக்குள் இருக்கும். சுரண்டுவது ஒன்றுக்கு, மருந்து இன்னொன்றுக்கு. ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். தாடைக்கு அடியில், இரண்டு தாடை எலும்புக்கும் நடுவில் உள்ள மயிர். அங்கே முட்டையிடும் வகை ஒன்று உண்டு. அதன் புழு குதிரை நக்கும் வரை காத்திருக்காது. தானாகப் பொரிந்து வாயை நோக்கி ஊர்ந்து போய்விடும். அங்கே கண்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

கெடிலக்கரை:

நன்றி டாக்டர். இப்போதுதான் தாடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் இருக்கிறது, கத்தியவாருக்கு இல்லை. மட்டக்குதிரைக்குத் தாடை மயிர் நீளம் என்பதால் இவ்வளவு நாள் கண்ணில் படவே இல்லை.

மாட்டுக்குக் கொடுக்கிற ஆல்பெண்டசோல் போன கார்த்திகையில் இரண்டுக்கும் கொடுத்திருக்கிறேன். அது இந்தப் புழுவுக்கும் சேருமா?

கால்நடை பாண்டி:

சேராது. ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், பைரன்டெல் எதுவும் பாட் புழுவைத் தொடாது. கேட்பது ஐவர்மெக்டினுக்கும் மாக்சிடெக்டினுக்கும்தான். வாய் வழியாகக் கொடுக்கும் குதிரைப் பேஸ்டாக வேண்டும். ஐவர்மெக்டின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அது இரைப்பையில் இருக்கும் புழுவையும் கொல்லும், வாயில் இருக்கும் இளம் புழுவையும் கொல்லும்.

லத்திப் பரிசோதனை கொடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்தச் சோதனை மற்றக் குடற்புழுக்களின் முட்டையை எண்ணுவது. அதைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் பாட் ஈ முட்டையிடுவது மயிரில். லத்தியில் அதன் முட்டையைத் தேடிப் பயனில்லை.

சில்வர்பீச் சவாரி:

டாக்டர் சார், நான் மறுத்துப் பேசவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இவ்வளவு புழு வயிற்றில் தொங்கினால் குதிரை இளைத்துப்போக வேண்டாமா? எங்கள் குதிரைகள் இளைக்கவில்லையே. சவாரிக் காசில் கொள்ளு, தவிடு, லாடம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவையில்லாத மருந்துக்கு எங்கே போவது?

கால்நடை பாண்டி:

நியாயமான கேள்வி. கொஞ்சம் பாட் புழு இருக்கிற குதிரைகளில் பெரும்பாலானவை வெளியில் ஒன்றும் காட்டாது. இது உண்மை. பயமுறுத்தி மருந்து கொடுக்க வைப்பது என் நோக்கமில்லை. ஆனால் புழு கூடும்போது தொங்குகிற இடமெல்லாம் குழிப்புண்ணாகும், உணவு இறங்குகிற வழி அடைபடும், அரிதாக இரைப்பையே ஓட்டை விழும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வாய். சவாரிக் குதிரை கடிவாளம் போட மறுக்கிறது, தலையை உதறுகிறது, தீவனத்தை மென்று பாதியைக் கீழே போடுகிறது என்று கொண்டுவருவார்கள். வாயைத் திறந்து நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால், கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அதற்குள் சிவந்த நூல் துண்டு போலப் புழு. அந்த வாயில்தான் இரும்புக் கடிவாளத்தைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடற்கரையில் நடத்துகிறோம். அதற்கு வலிக்கும் ஐயா, சொல்லத் தெரியாது. அடுத்த முறை ஒரு குதிரை தலையை உதறினால் அடி போடுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். பல் கூராக இருப்பதும் இதே மாதிரி காட்டும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

வில்லியனூர் வண்டி:

இப்போது எடுக்கும் முறை. எங்கள் வீட்டில் குதிரை தலைமுறையாக இருக்கிறது. பல வழி பார்த்துவிட்டு இதில் நிற்கிறோம்.

முதலில் குதிரையை மேயும் இடத்தை விட்டு வெளியே, தீவனத் தொட்டிக்கும் தள்ளி, சிமெண்டுத் தரையில் கட்டுங்கள். காலடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். சுரண்டியது புல்லில் விழுந்தால், மேயும்போது ஈரமான உதட்டில் படும். எடுத்ததை வாய்க்கே கொண்டுபோய்க் கொடுத்தது போல ஆகிவிடும்.

தேங்காய் எண்ணெயைக் கையில் தொட்டு முட்டை உள்ள இடத்தில் லேசாகத் தடவுங்கள். எண்ணெய் முட்டையைக் கொல்லாது, மயிர் வழுக்கும், அவ்வளவுதான். அப்புறம் குளியலறையில் பாதம் தேய்க்க வைத்திருக்கிற கல்லை மயிர் படிந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வாருங்கள். எதிர்த் திசையில் இழுத்தால் மயிர் பிடுங்கிக்கொண்டு குதிரை உதைக்கும். கல்லில் மஞ்சளாகச் சேரச் சேரத் தாளில் தட்டிவிடுங்கள். கல் இல்லையென்றால் ஆக்சா பிளேடின் பல் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து இழுக்கலாம், ஒரு முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சவர பிளேடு தோள்பட்டைக்குச் சரி. முட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈ வந்து குதிரை காலை உதறினால் வெட்டிவிடும்.

தாடைக்கு அடியில் நீள மயிர் என்றால் டிரிம்மர் போட்டு ஒட்ட எடுத்துவிடுங்கள். அந்தச் சத்தத்துக்குப் பயப்படும் குதிரைக்குக் கத்தரிக்கோல்.

கடைசியில் தாளைச் சுருட்டி எரித்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வேலை முடிந்து கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

கால்நடை பாண்டி:

கையுறை நல்லது என்றில்லை, கட்டாயம். இந்தப் புழு மனிதன் தோலுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போனது அபூர்வமாக நடந்திருக்கிறது. குழந்தைகளை இந்த வேலையில் உதவிக்கு நிறுத்தாதீர்கள்.

ஆரோவில் பக்கத்து லாயம்:

வெந்நீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டுக் குதிரைப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் துணியை நனைத்து முட்டை மேல் அழுத்தித் தேய்த்தால், குதிரை நக்குகிறது என்று ஏமாந்து புழு வெளியே வந்துவிடும். வாய் கிடைக்காமல் செத்துப்போகும். சுரண்டவே வேண்டாம்.

அதே புத்தகங்களில் மருந்து எப்போது கொடுப்பது என்பதும் தெளிவாக இருக்கிறது. முதல் உறைபனி விழுந்து ஒரு மாதம் கழித்து.

கெடிலக்கரை:

கடலூரில் உறைபனிக்கு எங்கே போவது அண்ணே? மார்கழி விடியற்காலையிலேயே இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது.

கால்நடை பாண்டி:

தம்பி கேட்டது சரியான கேள்வி. இந்த இழையில் எல்லோரும் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

அந்தப் புத்தகங்களில் தப்பு இல்லை. குளிர்நாட்டுக்கு எழுதியவை. அங்கே உறைபனி விழுந்தால் ஈ மொத்தமும் செத்துவிடும். அன்றிலிருந்து புது முட்டை கிடையாது. ஒரு மாதம் விட்டால் வாய்க்குள் இருந்ததெல்லாம் வயிற்றுக்கு இறங்கியிருக்கும், ஒரே வேளை மருந்தில் முழுக்கத் துடைத்துவிடலாம். அடுத்த கோடை வரை கவலையில்லை. உறைபனி அவர்களுக்கு ஒரு எல்லைக்கோடு. நமக்கு அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தருவதில்லை.

வெந்நீர் முறையும் அப்படித்தான். குளிர்ந்த காற்றில் செய்யச் சொல்லியிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். வெளியே வந்த புழு குளிரில் விறைத்துச் சாகும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் கடலூரில் செய்தால் ஈரமும் சூடும் கிடைத்த புழு காலிலேயே உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். குதிரை திரும்பி ஒரு நக்கு நக்கினால் முடிந்தது. வெந்நீர் போடுவதாக இருந்தால் விடியற்காலையில் செய்யுங்கள். தலையைக் குறுக்கக் கட்டுங்கள், உடனே சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, துணியையும் கொதிக்க வையுங்கள். என் கருத்து, இந்த ஊருக்குச் சுரண்டுவதே பாதுகாப்பு.

அப்படியானால் மருந்துக்கு எது நாள் காட்டும்? சுரண்டிய கால்தான் காட்டும். எப்படி என்று கேளுங்கள். புழு வெளியேறிய பிறகும் காலி முட்டை ஓடு மயிரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், மயிர் உதிரும் வரை போகாது. அதனால் கால் முழுக்க மஞ்சளாக இருப்பதை மட்டும் பார்த்து, நேற்று இட்டதா மூன்று மாதத்துக்கு முன் இட்டதா என்று சொல்ல முடியாது. ஒரு தடவை ஒன்றுவிடாமல் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டால், அதற்குப் பிறகு எது தெரிந்தாலும் புதுசு. வாரம் ஒரு நாள் காலையும் தாடையையும் தடவிப் பார்த்து ஒரு நோட்டில் இருக்கிறது, இல்லை என்று மட்டும் எழுதி வையுங்கள். உங்கள் கரையில் ஈ எப்போது வருகிறது, எப்போது ஓய்கிறது என்று ஒரே வருஷத்தில் தெரிந்துவிடும். என் நோட்டு கெடிலத்துக்குப் பொருந்தாது, உங்கள் நோட்டு பாகூருக்குப் பொருந்தாது.

இது வெயில் விரும்பி ஈ. தொடர் மழையில் பறக்காது. அதனால் நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டை குறைந்தால், குறைந்து ஒரு மாதம் விட்டு ஒரு வேளை மருந்து கொடுப்பது பொருத்தமாக இருக்கும். இரண்டாவது வேளை வெயில் காலத்தில். எந்த வாரம் என்பதை நோட்டைப் பார்த்து உங்கள் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். மாதாமாதம் ஊற்றாதீர்கள். பாட் புழுவுக்காகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மற்றக் குடற்புழுக்களின் மேலும் படுகிறது. அடிக்கடி பட்டால் அவை பழகிவிடும். குட்டிகளுக்கு வரும் பெரிய உருளைப் புழு பல நாடுகளில் ஏற்கனவே இந்த மருந்துக்கு மசிவதில்லை.

ஆரோவில் பக்கத்து லாயம்:

உறைபனி விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. எங்கள் லாயத்தில் ஜனவரியில் மருந்து கொடுக்கும் வழக்கம் வெறும் காலண்டர் பார்த்து வந்ததுதான். இந்த வாரமே நோட்டு போடுகிறோம்.

பாகூர் ஏரிக்கரை:

நான் பாகூரில் ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் வைத்திருக்கிறேன். டாக்டர், போன வாரம் தாய்க்குதிரையின் லத்தியில் உருண்டையாகச் சிவப்புக் கலந்த பழுப்பு நிறத்தில் புழுக்கள் இருந்தன. உடம்பைச் சுற்றி வரிசை வரிசையாக முள். குச்சியால் புரட்டினால் மெதுவாக நெளிந்தது. பீப்பாய் மாதிரி தடிமனாக இருந்ததால் மாட்டுக்கு வரும் நாடாப்புழுவும் இல்லை. இதுதானா அது? மருந்து கொடுத்து வந்ததல்ல, தானாக வந்தது.

கால்நடை பாண்டி:

அதுவேதான் அம்மா. முற்றிய பாட் புழு. மண்ணுக்குள் போக வெளியே வந்திருக்கிறது. ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடாமல் நேராக நெருப்பில் போடுங்கள். முள் வரிசை தெரிகிற அளவுக்கு நீங்கள் கவனித்திருப்பது நல்லது, பெரும்பாலானவர்கள் லத்தியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

லத்தியை இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது மேய்ச்சல் இடத்திலிருந்து அள்ளிக் குவித்து மூடி வையுங்கள். குவியல் உள்ளே நன்றாகச் சூடேறினால் புழு பிழைக்காது. மண்ணில் பரவலாகக் கிடந்தால்தான் அதற்கு வாழ்வு.

பண்ருட்டி முந்திரி:

குதிரை லத்தியை நான் முந்திரித் தோப்புக்கு வாங்கிப் போடுகிறேன், அதனால் கேட்கிறேன். ஐவர்மெக்டின் கொடுத்த குதிரையின் லத்தியைத் தோப்பில் போடலாமா?

எங்கள் பக்கம் சலவைக்காரர்களிடம் கழுதைகளும் இருக்கின்றன. அவற்றின் காலிலும் இதே மஞ்சள் பொடியைப் பார்த்த ஞாபகம்.

கால்நடை பாண்டி:

மருந்து கொடுத்த பிறகு சில நாள் வரும் லத்தியில் மருந்து கலந்திருக்கும். சாணி வண்டுகளுக்கு அது நஞ்சு. தோப்பு மண்ணுக்கு அந்த வண்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் ஒரு வாரத்து லத்தியைத் தனியாகக் குவித்து, நன்றாக மக்கிய பிறகு போடுங்கள்.

கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் இதே ஈதான் வரும். ஒரே கரையில் குதிரைக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கழுதையை விட்டுவிட்டால் அடுத்த வருஷத்துக்கு ஈ அங்கிருந்து வரும். கழுதைக்காரர்களிடம் மருந்துக்குக் காசு எதிர்பார்க்காமல் குதிரைக்காரர்கள் சேர்ந்து கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

நாய் வளர்ப்பவர்கள் கவனியுங்கள். குதிரை துப்பிய பேஸ்டையோ புது லத்தியையோ நாய் தின்ன விடக்கூடாது. கோலி (Collie) என்ற மேய்ப்பு நாய் இனத்தின் ரத்தம் கலந்த சில நாய்களுக்கு இந்த மருந்து மூளையைத் தாக்கும்.

கெடிலக்கரை:

இன்று காலை சுரண்டினேன். வில்லியனூர் அண்ணன் சொன்னபடி எண்ணெயும் பாதக் கல்லும். கால் ஒன்றுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும் என்று பயந்தேன், அப்படி இல்லை. தோள்பட்டை சுலபம். முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பில்தான் ஒவ்வொன்றாக நகத்தால் உருவ வேண்டியிருந்தது. தாளில் விழுந்ததைக் கையுறையோடு இரண்டு விரலில் வைத்து, எச்சில் சூட்டுக்கு ஒரு சொட்டு வெந்நீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சிலது காலி ஓடு, மூடி திறந்து கிடந்தது. சிலதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளையாக ஒன்று வெளியே வந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. இதைப் பார்த்த பிறகு விட்டுவிடலாம் என்ற எண்ணமே போய்விட்டது. தாளை எரித்துவிட்டேன்.

மருந்துக்கு எடை தெரிய வேண்டுமே. எடை மேடைக்கு இவளை ஏற்ற முடியாது.

வில்லியனூர் வண்டி:

தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து பின்தொடையின் கடைசி எலும்பு முனை வரை நீளம் ஓர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். நெஞ்சு 150, நீளம் 130 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. வளர்ந்த குதிரைக்கு மட்டும் இந்தக் கணக்கு. சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் ஒத்துவராது.

கால்நடை பாண்டி:

அந்த 246 கிலோவுக்கு ஐவர்மெக்டின் 49 மில்லிகிராம் வரும். பேஸ்ட் சிரிஞ்சில் கிலோக் கோடு போட்டிருப்பார்கள், 250 கோட்டில் வைத்துக் கொடுங்கள். கண் மதிப்பில் மட்டக்குதிரையைக் குறைத்துப் போடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. குறைந்த அளவு மருந்து புழுவைப் பழக்குகிறது. கொடுக்கும்போது வாயில் தீவனம் இருக்கக் கூடாது. நாக்கின் பின்பக்கம் விட்டு, விழுங்கும் வரை தலையைத் தூக்கிப் பிடியுங்கள்.

சில்வர்பீச் சவாரி:

பேஸ்ட் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை சார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி எங்கும் கிடைக்கிறது. அதைப் போட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள்.

கால்நடை பாண்டி:

போடாதீர்கள். தசையில் ஊசியாகப் போட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு ஊசி போட்ட இடம் வீங்கி, கிளாஸ்ட்ரிடியம் கிருமி சேர்ந்து தசையே அழுகியிருக்கிறது. குதிரைகளுக்கு இந்த மருந்தைப் பேஸ்டாகச் செய்ய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். மாட்டு முதுகில் ஊற்றும் மருந்தும் குதிரைக்கு அல்ல. பேஸ்ட் கிடைக்காவிட்டால் உங்கள் மருத்துவரிடம் சீட்டு வாங்கிச் சென்னையிலிருந்து வரவழையுங்கள். இல்லையென்றால் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குதிரையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புழு வயிற்றில் மாதக்கணக்கில் இருப்பது, மருந்து வர ஒரு வாரம் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. அவசரத்தில் கிடைத்ததைப் போடுவதுதான் ஆபத்து.

பாகூர் ஏரிக்கரை:

ஈயே வராமல் தடுக்க வழி உண்டா? வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். அன்றைக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, மறுநாள் பழையபடி.

வில்லியனூர் வண்டி:

வேப்பெண்ணெயை அப்படியே தடவினால் சில குதிரைக்குத் தோல் கொப்பளிக்கும் அக்கா. தேங்காய் எண்ணெயில் கலந்து முதலில் கொஞ்ச இடத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் நேரத்தை மாற்றுவதுதான் நிற்கிறது. இந்த ஈ நிழலுக்குள் வராது. காலை பத்து மணியிலிருந்து வெயில் சாயும் வரை கொட்டகைக்குள் கட்டி வைக்கோல் போடுங்கள். விடியற்காலையிலும் மாலையிலும் மேய விடுங்கள்.

கெடிலக்கரை:

மாலையில் ஆற்றோரம் கொசுவும் குருணி ஈயும் மொய்க்கிறதே அண்ணே. இரவு விட்டால் பாம்புப் பயம் வேறு.

கால்நடை பாண்டி:

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நேரம் கிடையாது. உங்கள் கரைக்கு விடியலிலிருந்து ஒன்பது, பத்து மணி வரைதான் நல்ல நேரம். மாலை மேய்ச்சலை இருட்டுவதற்கு முன் முடியுங்கள். மேய்ச்சல் நேரம் குறைவதற்கு ஈடாகப் புல்லை அறுத்துக் கொட்டகையில் போடலாம்.

பெர்மெத்ரின் தெளிப்பு குதிரைக்கென்று விற்பது கிடைத்தால் லேபிளில் உள்ள அளவில் கால்களுக்குப் போடலாம். போட்ட அன்று கெடிலத்திலோ ஏரியிலோ இறக்கிக் குளிப்பாட்டாதீர்கள், மீன் செத்துப்போகும். வீட்டுப் பூனைக்கும் அது விஷம்.

சில்வர்பீச் சவாரி:

நேற்று எங்கள் கிழட்டுக் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தேன். டாக்டர் சொன்ன பள்ளம் கடைவாய் ஈறில் இருக்கிறது. ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுவான், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவனைச் சவாரிக்கு இறக்கவில்லை.

கடற்கரையில் நிற்கும் மற்றவர்களிடமும் பேசிவிட்டேன். முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். ஒரே நாளில் எல்லாக் குதிரைக்கும் சுரண்டி, டேப் பிடித்து எடை எழுதி, மருந்தை மொத்தமாக வரவழைக்கலாம் என்று இருக்கிறோம். கெடிலக்கரை தம்பி உங்கள் இரண்டையும் கணக்கில் சேர்க்கட்டுமா? டாக்டர், குட்டி ஒன்றும் இருக்கிறது, நாலு மாதம். அதற்கும் இதே பேஸ்ட்தானா?

கெடிலக்கரை:

சேருங்கள் அண்ணே. ஊர்வலம் இல்லாத நாளாக வையுங்கள். கழுதைக்காரர் இருவரையும் நான் கேட்டு அழைத்து வருகிறேன், அவர்கள் பங்கை நாம் பிரித்துக்கொள்ளலாம். பாதக் கல் கூடுதலாக வாங்கி வைக்கிறேன்.

கால்நடை பாண்டி:

நாலு மாதக் குட்டிக்கு ஐவர்மெக்டின் கொடுக்கலாம், மாக்சிடெக்டின் வேண்டாம். எலும்பு தெரிய இளைத்த குதிரைக்கும் மாக்சிடெக்டின் வேண்டாம். ஆனால் குட்டிக்குக் கொடுப்பதற்கு முன் லத்திப் பரிசோதனை செய்துவிடுங்கள். அந்த வயசில் உருளைப் புழுதான் பெரிய எதிரி, அதற்கு வேறு மருந்து தேவைப்படலாம். உருளைப் புழு நிறைய இருந்து எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடலை அடைத்துவிடும். அதனால் குட்டிக்கு மட்டும் நான் நேரில் பார்த்துத்தான் அளவு சொல்வேன். கிழவனுக்கு வாய்ப்புண் ஆறும் வரை கடிவாளம் போடாதீர்கள், தவிடும் ஊறவைத்த கொள்ளும் மசித்துக் கொடுங்கள். நாள் குறித்ததும் இங்கே எழுதுங்கள், நான் வருகிறேன். அந்தியூரிலிருந்து புதுசாக யாராவது குதிரை கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே அதையும் சேர்த்துவிடுங்கள், மற்றவற்றோடு மேய விடுவதற்கு முன்னால்.